‘வேலை நல்லா செய்வாங்க சார், ஆனா...’ – ஒரு ஷூ கம்பெனியின் இயக்குநர்களுக்குத் திறந்த மடல்

நிர்வாக இயக்குநர் ஐயா அவர்களுக்கும், இயக்குநர் குழுவில் உள்ள மற்றவர்களுக்கும்,

கம்பெனியின் பேரை நான் எழுதவில்லை. யாருக்கு எழுதுகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும், உங்கள் கேட்டில் நிற்கும் வாட்ச்மேனுக்கும் தெரியும்.

போன திங்கட்கிழமை நோட்டீஸ் போர்டில் ஒட்டிய சுற்றறிக்கையை ஒருவர் செல்போனில் படம் பிடித்து எனக்கு அனுப்பினார். 2016 முதல் 2019 வரை நம் ஆம்பூர் யூனிட்டில் ஜி.எம். ஆக, அதாவது பொது மேலாளராக, இருந்தவர் அடுத்த மாதம் செயல் இயக்குநராகத் திரும்பி வருகிறார். ‘தொழிலில் நற்பெயர் பெற்றவர், கண்டிப்பும் கனிவும் ஒருங்கே கொண்டவர், அவர் காலத்தில் யூனிட் எட்டிய உயரம் அனைவரும் அறிந்ததே’ என்று மூன்று வரி. படித்ததும் எனக்கு வெட்கமாகப் போயிற்று. அந்த மூன்று வரியும் என்னுடையவை. 2019இல் அவருக்குச் சால்வை போட்டு வழியனுப்பியபோது கொடுத்த பாராட்டுக் கடிதத்தை டைப் அடித்தவன் நான்தான். பழைய கோப்பிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். ‘ஒருங்கே’ என்பதை ‘ஒறுங்கே’ என்று அன்றைக்குத் தவறாக அடித்திருந்தேன். அதுவும் மாறாமல் வந்திருக்கிறது.

நான் தோல், ஷூ கம்பெனிகளில் 26 வருடம் வேலை பார்த்தவன். அதில் கடைசி 11 வருடம் உங்களிடம், பர்சனல் ஆபீசராக. பிற்பாடு ஹெச்.ஆர். என்று கதவில் பலகை மாற்றினீர்கள், நாற்காலி அதேதான். 2022இல் ஓய்வு பெற்றேன். இது பென்ஷன் தகராறோ பாக்கித் தகராறோ இல்லை. எனக்குச் சேர வேண்டியதெல்லாம் வந்துவிட்டது.

அவருக்கு நற்பெயர் உண்டு என்பது பொய்யில்லை. அவர் வருவதற்கு முன் யூனிட்டில் ஒரு நாளைக்கு 2,200 ஜோடி அப்பர் (ஷூவின் மேல்பாகம்) இறங்கும். ஆறே மாதத்தில் 2,900 ஆனது. கப்பலைத் தவறவிட்டு, சரக்கை விமானத்தில் அனுப்பிக் கையைச் சுட்டுக்கொள்வது நின்றது. 2016 நவம்பரில் பணமதிப்பு நீக்கம் வந்து ஊரே ஏ.டி.எம். வாசலில் நின்றபோது, வங்கிக்காரர்களை யூனிட்டுக்கே வரவழைத்து நூற்றுக்கணக்கான பெண்களுக்குக் கணக்கு திறந்து கொடுத்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும். சென்னை மீட்டிங்கில் அவர் போட்டுக் காட்டும் சார்ட்டில் கோடு ஏறிக்கொண்டே போகும். அது எப்படி ஏறியது என்று அந்த அறையிலிருந்து தெரியாது. எனக்குத் தெரியும், நான் லைனுக்கும் ஆபீசுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தவன்.

40 பேர் உள்ள லைனுக்குக் கழிப்பறைக்குப் போக இரண்டு டோக்கன். ஆணியில் டோக்கன் தொங்கினால்தான் எழுந்திருக்கலாம். மணிக்கணக்கு டார்கெட் தவறினால் அந்தப் பெண்ணின் மெஷினில் சிவப்பு ரிப்பன் கட்டப்படும், சாயந்தரம் வரை அவிழ்க்கக் கூடாது. ஆறு மணிக்குக் கார்டை பஞ்ச் செய்துவிட்டு மறுபடியும் வந்து உட்கார வேண்டும். ஏழரைக்கு பஸ் கிளம்பும். அந்த ஒன்றரை மணி நேரம் எந்த ரிஜிஸ்டரிலும் கிடையாது. ரிஜிஸ்டர் என் பொறுப்பு.

அப்புறம் அந்த போர்டு.

கேட்டைத் தாண்டியதும் இடது பக்கம் பச்சை நிறத்தில் இருக்குமே, ‘விபத்து இல்லாத நாட்கள்’ என்று. 2018 ஆடி மாதத்தில் ஒரு நாள் அதில் 412 என்று இருந்தது. அன்று மத்தியானம் சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால், குடியாத்தம் பஸ்ஸில் வரும் ஒரு பெண்ணின் ஆள்காட்டி விரலில் தையல் மெஷின் ஊசி இறங்கியது. நகத்தைத் துளைத்துப் போய் உள்ளே முறிந்துவிட்டது. அவளுக்கு 21 வயது. அந்த லைனில் ஊசிக்கு முன்னால் இருக்க வேண்டிய தடுப்பு ஒரு மெஷினில்கூட இல்லை. தடுப்பு இருந்தால் வளைவான இடத்தில் கை மெதுவாகப் போகும் என்று இரண்டு மாதம் முன்பே கழற்றச் சொல்லியிருந்தார். வாய்ச்சொல்தான், காகிதம் கிடையாது. கழற்றிய தடுப்புகள் மெயின்டனன்ஸ் அறையில் ஒரு பிஸ்கட் டின்னில் கிடந்தன.

ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிப் பக்கம் கூட்டிப் போகக் கூடாது என்று உத்தரவு, போனால் விபத்து அறிக்கை எழுத வேண்டுமே. கம்பெனி வேனில் ஒரு தனியார் கிளினிக்குக்கு அனுப்பினோம். ஒன்பது நாள் அவள் வேலைக்கு வரவில்லை. விபத்தில் அடிபட்டவர் 48 மணி நேரத்துக்கு மேல் வேலைக்கு வர முடியாமல் போனால் தொழிற்சாலை ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அன்று அமலில் இருந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் 88ஆம் பிரிவு சொல்கிறது. எனக்கு அது மனப்பாடம், புதிதாகச் சேரும் பயிற்சியாளர்களுக்கு நானே வகுப்பெடுத்திருக்கிறேன். ஒன்பது நாளையும் அவளுடைய சொந்த லீவில் கழித்தேன். விபத்துக்கு மறுநாள் காலை வாட்ச்மேன் வழக்கம்போல வந்து, ‘சார், இன்னைக்கு எவ்ளோ?’ என்று கேட்டான். 413 என்றேன்.

தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு போர்டு 500ஐத் தொட்டது. நம் சரக்கை வாங்கும் ஒரு பையர் கேடயம் கொடுத்தார். உங்கள் ரிசப்ஷனில் இன்றைக்கும் அது மாட்டியிருக்கிறது, மேலே விளக்குகூடப் போட்டிருக்கிறீர்கள். அவருடைய நற்பெயரில் பாதி அந்தக் கேடயம்.

அந்த லைனின் சூப்பர்வைசர் பேரணாம்பட்டு பஸ்ஸில் வருகிற ஒரு பெண்மணி. டேபிள் வேலைக்குச் சேர்ந்து, மெஷின் கற்று, 14 வருடத்தில் 40 பேரை நடத்தும் இடத்துக்கு வந்தவர். ஒரு நோட்டுத் தாளில் பாதியைக் கிழித்து இரண்டே விஷயம் எழுதிக் கொடுத்தார்: தடுப்பைத் திரும்ப மாட்டுங்கள், நடந்த விபத்தை எழுதுங்கள். நான் அதை ஜி.எம். மேஜையில் வைத்தேன். படித்துவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி. ‘இந்தம்மா எப்படி? யூனியன் ஆளா?’ தடுப்பு இருக்கிறதா இல்லையா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஒரு மாதத்தில் அந்தம்மாவை பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அங்கிருந்து ஸ்டோருக்கு. பொங்கலுக்கு முன்பே ‘சொந்தக் காரணங்களுக்காக’ ராஜினாமா செய்தார். அந்தக் கடிதத்தின் வாசகமும் நான் சொல்லி எழுதியதுதான். திரும்பிப் பார்த்தால் என் கையெழுத்து இல்லாத பாவம் ஒன்றுகூட இதில் இல்லை.

இப்போது சொல்லப்போவதுதான் நான் உட்கார்ந்து இந்த மடலை எழுதியதற்கே காரணம்.

அந்தம்மா வேறு இடங்களில் வேலை தேடினார். எனக்கு மூன்று போன் வந்தது. ஆம்பூரிலிருந்து ஒன்று, வாணியம்பாடியிலிருந்து ஒன்று, மேல்விஷாரத்திலிருந்து ஒன்று. மூன்று பேரும் என்னைப் போன்ற ஹெச்.ஆர். ஆட்கள்தான். 2019இல் வேலூரை மூன்று மாவட்டமாகப் பிரித்தார்கள், ஆனால் ஹெச்.ஆர். வாட்ஸ்அப் குழுவுக்கு இன்னமும் ஒரே வட ஆற்காடுதான். மூன்று பேரிடமும் நான் சொன்னது ஒரே வாக்கியம்: ‘வேலை நல்லா செய்வாங்க சார், ஆனா...’

ஆனாவுக்குப் பிறகு நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. அந்தப் பக்கம் இருப்பவர் ‘சரி சார், புரியுது’ என்று வைத்துவிடுவார். நான் பொய் ஒன்றும் சொல்லவில்லையே என்று பல நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஜி.எம். பற்றியும் எனக்கு ஒரு போன் வந்தது, சென்னையில் இருக்கும் ஆள்பிடிக்கும் கன்சல்டன்ட் ஒருவரிடமிருந்து. ‘ரிசல்ட் மேன் சார்’ என்றேன். அந்த வாக்கியத்தில் ‘ஆனா’ இல்லை.

2023இல் ஒரு சாயந்தரம் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் அந்தம்மாவைப் பார்த்தேன். பழைய சேலையில் கட்டிய ஒரு மூட்டை காலடியில் இருந்தது. வீட்டில் வைத்துக் கையால் தைத்துக் கொடுக்கும் அப்பர். ஜோடிக்கு இவ்வளவு என்று சில்லறைக் கூலி, பி.எஃப். கிடையாது, ஈ.எஸ்.ஐ. கிடையாது. கட்டை விரலில் ரப்பர் டியூபை வெட்டி மாட்டியிருந்தார், நூல் அறுக்காமல் இருக்க. மரியாதையாக எழுந்து நின்று, ‘சார், தப்பா நெனைக்காதீங்க, அவங்ககிட்ட நீங்க என்னதான் சொன்னீங்க?’ என்று கேட்டார். ‘நல்லாதாம்மா சொன்னேன்’ என்றேன். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

ஒரு ஆளின் பேர் நம் தொழிலில் எங்கே உண்டாகிறது என்று யோசித்துப் பாருங்கள். லைனில் இருக்கிறவரின் பேரை மேலே இருக்கிறவர் ஒரு போனில் கெடுத்துவிடலாம். மேலே இருக்கிறவரின் பேரை அவருக்கும் மேலே இருக்கிறவர்கள் சார்ட்டைப் பார்த்துக் கொடுக்கிறார்கள். அவரோடு தினமும் பத்து மணி நேரம் இருந்தவர்களிடம் யாருமே கேட்பதில்லை. இந்த ஊரில் ஒரு பெண்ணைக் கட்டிக் கொடுப்பதென்றால் என்ன செய்கிறோம்? மாப்பிள்ளையின் சம்பளச் சீட்டை மட்டுமா பார்க்கிறோம்? தெருமுனை டீக்கடையில் விசாரிக்கிறோம், பக்கத்து வீட்டில் விசாரிக்கிறோம், பால்காரரைக்கூட விடுவதில்லை. ‘குடிப்பானா, கை நீட்டுவானா?’ என்று நேராகவே கேட்கிறோம். ஒரு பெண்ணுக்கு இவ்வளவு. 1,800 பேர், முக்கால்வாசி பெண்கள், வேலை பார்க்கும் கம்பெனிக்குச் செயல் இயக்குநரை எடுக்க இரண்டு கன்சல்டன்ட், ஒரு டின்னர்.

உங்கள் அப்பா காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. பெரிய முதலாளிக்குக் கோபம் வந்தால் ஃபைல் பறக்கும், நானே பொறுக்கியிருக்கிறேன். ஆனால் அவர் இந்த ஊரில் குடியிருந்தார். எந்த மேனேஜர் எப்படி என்று அவருக்கு ஆபீசில் தெரியாவிட்டாலும், ஒரு கல்யாணத்தில் பிரியாணிப் பந்தியில் யாராவது காதில் போட்டுவிடுவார்கள். நீங்கள் சென்னையில் இருக்கிறீர்கள். அதில் தப்பில்லை, அந்தக் காது இல்லாமல் போனதற்கு மாற்று ஏற்பாடு செய்யவில்லை என்பதுதான் தப்பு.

இந்தப் பேரும் புகழும் கீழே என்ன செய்கிறது என்பதை ஒரு பையனை வைத்துச் சொல்கிறேன். 2017இல் டிப்ளமா முடித்துவிட்டு ஒரு பையன் சூப்பர்வைசராகச் சேர்ந்தான். ரொம்ப சாது. பெண்களை ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவான். ஜி.எம். யாரைப் பாராட்டுகிறார், யாருக்கு இன்கிரிமென்ட் போடுகிறார் என்று ஆறு மாதம் பார்த்தான். அப்புறம் ஒரு நாள் லைனிலிருந்து ஒரு கத்தல். ஜி.எம். தான் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். இந்தப் பையன். அதே வார்த்தைகள், பெண்கள் முன்னால் சொல்லக் கூடாத வார்த்தைகள் உட்பட. ஜி.எம். திட்டும்போது பேனாவின் மூடியை டிக் டிக் என்று அமுக்கிக்கொண்டே இருப்பார், அதையும் சேர்த்து அவன் கற்றிருந்தான். யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ‘நமது விழுமியங்கள்’ என்று கான்டீனில் நீங்கள் மாட்டியிருக்கும் பலகையை அவன் ஒரு தடவைகூடப் படித்திருக்க மாட்டான்.

அந்த வார்த்தைகள் குறித்து உள்ளகப் புகார்க் குழுவுக்கு ஒரு புகாரும் வந்தது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013இல் வந்ததிலிருந்து நம்மிடம் குழு இருக்கிறது, ஆடிட்டுக்குக் காட்ட. குழுவின் தலைவர் ஜி.எம். கீழே வேலை பார்க்கும் அதிகாரி. வெளியிலிருந்து வர வேண்டிய உறுப்பினர் அந்த வருடம் வந்தது ஒரு முறை, அதுவும் ஆடிட் அன்று. ‘ஆலோசனை வழங்கப்பட்டது’ என்று மினிட்ஸ் எழுதி மூடினோம்.

ஜி.எம். 2019இல் போன நேரத்தையும் கவனியுங்கள். போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை, தையல் விட்டது, ஒட்டு விட்டது என்று பையர்கள் பணத்தைப் பிடித்துக்கொள்ளும் டெபிட் நோட் வரிசையாக வந்தது. அவசரத்தில் ஓடிய சரக்கு அது. அடுத்து வந்தவர் அமைதியானவர், டோக்கனை எடுத்தவர், தடுப்பைத் திரும்ப மாட்டியவர். அவர் கணக்கில்தான் அந்த நஷ்டம் எழுதப்பட்டது. 14 மாதத்தில் ‘திறமை போதாது’ என்று அனுப்பினீர்கள். இன்று அவருக்கு ‘ஒரு யூனிட்டைக் கவிழ்த்தவர்’ என்று பேர். மூன்று வருடத்துக்கு ஒரு கம்பெனி என்று மாறிக்கொண்டே இருந்தால், பில் வரும்போது நாம் அடுத்த ஊரில் இருக்கலாம். பெரிய பதவிக்குப் போன பலரின் பயோடேட்டாவில் இந்த மூன்று வருடக் கணக்கை நான் பார்த்திருக்கிறேன்.

தோல் விஷயத்தில் நாம் இப்படி இல்லையே ஐயா. 1989இல் ஜெர்மனி பி.சி.பி. ரசாயனத்தைத் தடை செய்ததும் இந்தப் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகள் ரசாயனத்தையே மாற்ற வேண்டியிருந்தது. பாலாறு கெட்டதற்காக வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டது. ஊர்ப் பேரே கெட்டுப்போச்சு என்று முதலாளிகள் புலம்பியதை என் காதால் கேட்டிருக்கிறேன். 2015 மே முதல் ஐரோப்பாவுக்குப் போகும் தோல் பொருளில் குரோம் சிக்ஸ் என்ற நச்சு ரசாயனம் கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொடக் கூடாது. அதற்காக லாட் லாட்டாக சாம்பிள் வெட்டி லேபுக்கு அனுப்புகிறோம். ‘இந்த டேனரிக்கு நல்ல பேர், டெஸ்ட் வேண்டாம்’ என்று ஒரு லாட்டையாவது விட்டதுண்டா? தோலுக்கு இவ்வளவு சோதனை. அந்தத் தோலைத் தைக்கும் பெண்களை நடத்தப் போகிறவருக்கு, நான் டைப் அடித்த மூன்று வரி.

வேலூர்க் கோட்டைக்கு வெளிநாட்டு பையர்களை அழைத்துப் போவது என் வேலைகளில் ஒன்று. 1806 ஜூலை 10 கதையைச் சொல்வேன், தோல் வைத்த புதுத் தலைப்பாகையைச் சிப்பாய்கள் மறுத்துக் கலகம் செய்த கதை. (தோல் வியாபாரிகளிடம் இதைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் உள்ளூரச் சிரிப்பு வரும்.) ஒரு பகுதியை மட்டும் நான் அவர்களிடம் சொன்னதில்லை. அதற்கு முந்தைய மாதமே முஸ்தபா பேக் என்ற சிப்பாய் தன் மேலதிகாரியிடம், கோட்டையில் இப்படி ஒன்று நடக்கப் போகிறது என்று சொல்லிவிட்டார். நம் பக்கத்துக் கணக்கில் அவர் காட்டிக்கொடுத்தவர். என் மனசும் சிப்பாய்கள் பக்கம்தான். ஆனால் அந்த அதிகாரிகள் செய்ததைப் பாருங்கள். சொன்ன விஷயம் உண்மையா என்று பார்க்காமல், அதே படையின் இந்திய அதிகாரிகளைக் கூட்டி விசாரிக்கச் சொன்னார்கள். அவன் பேச்சை நம்ப வேண்டாம் என்றார்கள் அவர்கள். முஸ்தபா பேக்கை விலங்கு மாட்டி அடைத்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு 2,000 வராகன் வெகுமதி கொடுத்தார்கள். இன்னொரு பக்கம், அந்தச் சம்பவத்துக்காகத் திருப்பி அழைக்கப்பட்ட கவர்னர் வில்லியம் பென்டிங்க் 1828இல் கவர்னர் ஜெனரலாகவே கல்கத்தாவில் வந்து இறங்கினார். ‘இந்தம்மா எப்படி? யூனியன் ஆளா?’ என்ற கேள்வி இந்த ஊரில் 200 வருடப் பழசு என்பதற்காகச் சொல்கிறேன்.

அதெல்லாம் பழைய காலம் என்பீர்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் 2017இல் ஒரு செய்தியைப் படிக்கக் கொடுத்தாள். ஊபர் கம்பெனியில் பொறியாளராக இருந்த சூசன் ஃபவுலர் என்ற பெண், தன் மேனேஜர் முறைகேடாக மெசேஜ் அனுப்பியதைப் புகார் செய்தபோது, அவர் நன்றாக வேலை செய்து காட்டுகிறவர், இது அவருடைய முதல் தவறு என்று ஹெச்.ஆர். சொல்லிவிட்டது. அப்புறம் பார்த்தால், அதே மேனேஜர் மேல் முன்பே புகார் சொன்ன வேறு பெண்களும் இருந்தார்கள். பிப்ரவரியில் ஃபவுலர் அதை எழுதினார். ஜூனில் அந்தக் கம்பெனியின் தலைவர் டிராவிஸ் கலானிக் பதவியை விட்டுப் போக வேண்டியதாயிற்று. ‘அப்பா, உங்க ரிசல்ட் மேன் மாதிரியே இருக்குல்ல?’ என்றாள். நான் பேப்பரை மடித்துவைத்தேன்.

கேடயங்களை நம்பாதீர்கள் என்பதற்கு சத்யம் போதும். 2008இல் நல்ல நிர்வாகத்துக்காக கோல்டன் பீகாக் விருது வாங்கிய கம்பெனி. 2009 ஜனவரி 7இல் அதன் தலைவரே கணக்கெல்லாம் பொய் என்று கடிதம் எழுதினார்.

இன்னும் பக்கத்தில் வேண்டுமானால் திண்டுக்கல். அங்கே ஓர் ஆடை ஆலையில் வேலை பார்த்த 20 வயதுப் பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். கைதானவர் அதே ஆலையின் சூப்பர்வைசர். சூப்பர்வைசர்களின் தொல்லையைப் பற்றி அந்த ஆலைப் பெண்கள் பேச ஆரம்பித்ததும் விஷயம் வெளிநாட்டு பிராண்டுகள் வரைக்கும் போயிற்று. 2022இல் ஹெச் அண்ட் எம், கேப், பி.வி.ஹெச். எல்லாம் ஆலையோடும் தொழிற்சங்கத்தோடும் சேர்ந்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. தொழிலாளர்களிலிருந்தே ஆட்களைத் தேர்ந்தெடுத்து, தொல்லையைக் கண்காணிக்கப் பயிற்சி கொடுத்தார்கள். இது நடந்தது நம் மாநிலத்தில். அப்படி ஏதாவது நடந்த பிறகுதான் நாம் விழிக்க வேண்டுமா?

நான் இதைப் பொதுவில் எழுதுவதால் கம்பெனி பேர் கெடும் என்று உங்கள் வக்கீல் சொல்லலாம். பேரே எழுதாத கம்பெனிக்கு என்ன கெடும்? இரண்டு தடவை பதிவுத் தபாலில் உங்களுக்கு எழுதினேன். ஒப்புகை அட்டை இரண்டும் என்னிடம் இருக்கிறது, பதில்தான் இல்லை. ‘நீயும்தானே உடந்தை?’ என்று கேட்கலாம். ஆமாம். எழுத்தில் தருகிறேன், கையெழுத்தும் போடுகிறேன்.

நான் கேட்பது இவைதான்.

அந்த நியமனத்தை நிறுத்திவையுங்கள். ரத்து செய்யுங்கள் என்று சொல்லவில்லை, அவர் தரப்பையும் கேட்க வேண்டும். 2016 முதல் 2019 வரை அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்களிடம், முக்கியமாக வேலையை விட்டுப் போனவர்களிடம், கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத ஒருவரை வைத்துக் கேளுங்கள். கம்பெனி வளாகத்தில் வேண்டாம். சூப்பர்வைசர் யாரும் பக்கத்தில் இருக்கக் கூடாது. அதன் பிறகு உங்கள் முடிவு.

2018 ஆடியில் நடந்த அந்த விபத்தைப் பதிவேட்டில் எழுதுங்கள். அந்தப் பெண்ணின் ஒன்பது நாள் சம்பளமும், விரலுக்கு ஆன செலவும், அதற்கு ஈ.எஸ்.ஐ. மூலம் கிடைத்திருக்க வேண்டியதும் கம்பெனி கொடுக்கட்டும். மடங்காத விரலோடு அவள் இன்னும் உங்கள் யூனிட்டில்தான் இருக்கிறாள். தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய கஷ்டம்கூட இல்லை.

பேரணாம்பட்டு அம்மாவுக்கு 14 வருடத்துக்கான அனுபவச் சான்றிதழ் கொடுங்கள். ‘பாதுகாப்புக் குறைபாட்டை எழுத்தில் சுட்டிக்காட்டியவர்’ என்ற வரி அதில் இருக்க வேண்டும். அவருக்கு விருப்பமிருந்தால் பழைய பதவியில், பழைய சீனியாரிட்டியோடு எடுங்கள். என்னிடம் போன் செய்த மூன்று கம்பெனிகளுக்கும் நான் தனித்தனியாக எழுதப் போகிறேன். உங்கள் லெட்டர்ஹெட்டில் நீங்களும் எழுதினால்தான் அதற்கு மதிப்பு.

போனில் ஒருவரைப் பற்றி அபிப்பிராயம் சொல்வதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். யார் கேட்டாலும் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி. அவ்வளவுதான், எழுத்தில். சம்பந்தப்பட்டவருக்கு ஒரு நகல்.

கம்பெனிச் சட்டம் 2013, 177ஆம் பிரிவு. வங்கிக் கடன் 50 கோடிக்கு மேல் போனால் புகார் சொல்ல ஒரு தனி வழி வைக்க வேண்டும், புகார் சொன்னவரைப் பழிவாங்காமல் பாதுகாக்க வேண்டும். உங்கள் கடன் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். பாலிசி வெப்சைட்டில் ஆங்கிலத்தில் இருக்கிறது. அதைத் தமிழிலும் உருதுவிலும் எழுதி, ஒரு இயக்குநரின் நேரடி போன் நம்பரோடு, ஒவ்வொரு பஸ்ஸிலும் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒட்டுங்கள். நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் யார் நின்று படிக்கிறார்கள் என்று மற்றவர்கள் பார்ப்பார்கள். பஸ்ஸில் எல்லோரும் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஜி.எம். பதவிக்கு மேலே இருப்பவர்களின் போனஸில் ஒரு பங்கை, அவர்கள் போய் இரண்டு வருடம் கழித்துக் கொடுங்கள். அதற்குள் டெபிட் நோட் வந்துவிடும்.

அந்தக் கேடயத்தைக் கழற்றுங்கள். பச்சை போர்டில் இன்றைக்கு என்ன எண் இருக்கிறதோ அதை அழித்துவிட்டு, உண்மையான கணக்கு எதுவோ அதிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள். வாட்ச்மேன் கேட்டால் நீங்களே சொல்லுங்கள்.

விசாரணை வைத்தால் நான் வருகிறேன். அந்தப் பிஸ்கட் டின்னை யார் பார்த்தார்கள், சொந்த லீவு என்று நான் எழுதிய பக்கம் எது என்று எல்லாம் சொல்ல முடியும். என் விலாசம் உங்கள் பர்சனல் ஃபைலில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை மட்டும் சி.எம்.சி.யில் டாக்டரைப் பார்க்கப் போக வேண்டியிருக்கும். மற்ற எந்த நாள் என்றாலும் சரி.

இப்படிக்கு,
உங்கள் முன்னாள் பர்சனல் ஆபீசர்